வெளி ஓடு

எங்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். கல்முனையில் எல்லாருக்கும் அது எதுவென்று தெரியும். தெரியாதவர்கள் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கடற்கரை வீதிக்குப் பக்கத்தில் நின்ற பழைய கட்டிடத்தைச் சுனாமி கொண்டுபோனது. புதிய கட்டிடம் நாலு வருஷம் கழிந்தும் தூண் மட்டத்திலேயே நின்றது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தற்காலிகமாகக் கட்டித் தந்த தகரக் கொட்டிலில்தான் 2009ஆம் ஆண்டும் நாங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தோம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி. அதைத் தட்டி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். இந்தப் பக்கம் ஒருவர் தும்மி "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னால், அந்தப் பக்கத்தில் இருந்து "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் வரும்.

இந்தப் பக்கம் பத்தாம் தரம், விஞ்ஞானம், சித்தி லைலா என்ற பெயர்கொண்ட நான். அந்தப் பக்கம் ஏழாம் தரம், கணிதம், தர்சினி டீச்சர். காரைதீவில் இருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் பாடசாலையில் அவள் ஒருத்திதான் தமிழ் டீச்சர், மற்ற எல்லாரும் முஸ்லிம்கள். அவளுடைய குரல் பக்கத்து வகுப்புக்குக் கேட்டதே இல்லை. என்னுடையது பக்கத்து வகுப்பையும் தாண்டிப் பள்ளிவாசல் வரைக்கும் போகும். எனக்கு மெதுவாகக் கதைக்க வராது, கோபம் வந்தால் அதைவிட வராது.

நான் தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லாமல் படிப்பிக்கிறவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. ஏழு வருஷமாக அந்தப் பெயரோடு காலம் தள்ளினேன். கலியாண வீட்டில் "டீச்சர் வந்திரிக்கா" என்று ஒருத்தி வாய் திறந்தால், "தொண்டர் டீச்சர்" என்று திருத்த இன்னொருத்தி காத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன நட்டமோ தெரியாது.

அந்த வருஷம் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் எடுத்தார்கள். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து ஒவ்வொருவரின் பாடத்தையும் ஒரு மணித்தியாலம் பார்ப்பார். முடிவில் "தகுதி" என்றோ "தகுதியில்லை" என்றோ எழுதுவார். தகுதி என்றால் நியமனம். இல்லாவிட்டால் அடுத்த முறை என்று எனக்கு ஒன்று கிடையாது, வயதெல்லை அந்த வருஷத்தோடு முடிகிறது. ஆக, ஏழு வருஷமும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்க்க வந்தவர் ஆதம்பாவா சேர். சிரிக்கமாட்டார் என்று பெயர் எடுத்தவர். அன்று காலை என் கணவர் நளீர் படலை வரைக்கும் வந்தார்.

"லைலா, இண்டைக்கு மட்டும் அந்த ரேடியோவக் கொஞ்சம் குறைச்சு வை."

"குறைக்கிறன்!" என்றேன். எதிர்வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

பாடம் இலத்திரன் நிலையமைப்பு. அணுவின் நடுவே கரு, கருவைச் சுற்றி ஓடுகள், ஓடுகளில் இலத்திரன்கள். முதலாம் ஓட்டில் இரண்டு பேர், இரண்டாம் ஓட்டில் எட்டுப் பேர், மூன்றாம் ஓட்டில் பதினெட்டுப் பேர் வரை கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் தங்கள் பாட்டில் கிடப்பார்கள். கொடுப்பது, எடுப்பது, கூடுவது எல்லாம் ஆக வெளியே இருக்கும் ஓட்டுக்காரர்களின் வேலை. ஆகையால் வெளி ஓட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தால் அந்த மூலகத்தின் குணமும் தெரியும். புதிய புத்தகத்தில் ஓட்டைச் சக்திமட்டம் என்று மாற்றியிருந்தார்கள். நான் ஓடு என்று படித்தவள், ஓடு என்றே படிப்பித்தேன். பெயரை மாற்றியதால் இலத்திரன் இடம் மாறியா இருக்கப்போகிறது?

ஆதம்பாவா சேர் கடைசி வரிசை வாங்கில் என் மதிப்பீட்டுக் கோவையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முதல் அரை மணித்தியாலம் நான் யாரென்று எனக்கே தெரியாத அளவுக்கு மெதுவாகக் கதைத்தேன். பிள்ளைகள் சோடியத்துக்கு 2, 8, 1 என்று எழுதினார்கள். குளோரீனுக்கு 2, 8, 7. சேர் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. அந்தத் துணிவில் பொற்றாசியத்துக்கு ஹாஜறாவைக் கூப்பிட்டேன்.

எல்லா வகுப்பிலும் கேள்வி கேட்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அல்லாஹ் எனக்குத் தந்தது ஹாஜறாவை. அவள் கரும்பலகையில் 2, 8, 9 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"அணுவெண் பத்தொன்பது. சரிதானே டீச்சர்?"

"இல்ல புள்ள. மூணாவதுல எட்டோட நிப்பாட்டு. மிச்சம் ஒண்ட வெளிய போடு."

"மூணாவது ஓட்டுல பதினெட்டுக் கொள்ளும் எண்டு நீங்கதானே சொன்ன. ஒன்பதாவது ஆளுக்கு உள்ளுக்கு இடமிரிக்கே. பிறகேன் வெளிய அனுப்புற?"

எனக்குத் தெரியாது. புத்தகத்தில் 2, 8, 8, 1 என்று இருந்தது. நான் படித்தபோது அதைப் பாடமாக்கினேன், படிப்பித்தபோது பாடமாக்கச் சொன்னேன். ஏன் என்று ஏழு வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பின்வாங்கில் சேரின் பேனை நின்றதைக் கண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அது சொல்லவும் வாய் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உள்ளுக்கு நிக்கேலாது! வெளி ஓடு!"

"ஏன் டீச்சர்?"

"ஏன் எண்டு கேக்க நேரமில்ல! வெளி ஓடு எண்டா வெளி ஓடு! வெளி ஓடு! வெளி ஓடு!"

வெளி ஓடு. எழுதினால் அது பெயர்ச்சொல். கத்தினால் கட்டளை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

தட்டிக்கு அப்பால் கதிரைகள் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஒரு பெண்குரல். அது தர்சினியின் குரல் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பிள்ளைகள், கடல் வருது! ஓடுங்க! ஓடுங்க!"

பிறகு என்ன, கொட்டில் முழுக்க ஓட்டம். நானும் ஓடினேன். அந்தக் கூத்தைத் தொடக்கிவைத்தவள் நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் ஊரில் கடல் என்று யாராவது கத்தினால் அது முதலில் காலுக்குத்தான் விளங்கும், மூளைக்கு அப்புறம். பத்தாம் தரத்தைக் கதவால் தள்ளிவிட்டு, கடைசியாக நின்ற ஹாஜறாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முக்காடு காற்றில் பறக்க மேற்கே ஓடினேன்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து எங்களுக்குத் தப்பியோடப் பழக்கினார்கள். அப்போதெல்லாம் பிள்ளைகள் ஊர்வலம் போவது போலச் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். அன்று முந்நூறு பிள்ளைகளும் பெரியவர் சின்னவரின் கையைப் பிடித்தபடி, ஒருவரும் விழாமல் ஓடினார்கள். பிரதான வீதிக் காவலரணில் நின்ற படைவீரன் எங்களைக் கண்டதும் இரண்டு பக்க வாகனங்களையும் மறித்து, போங்கள் என்று கையைக் காட்டினான். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அடையாள அட்டை கேட்காமல் அவன் எங்களை விட்டது அன்றுதான்.

எல்லாருக்கும் முன்னால் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். கோவையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஆதம்பாவா சேர்.

வட்டைக்குப் போய்த்தான் நின்றோம். வட்டை என்றால் எங்கள் பக்கத்து வயல்வெளி. வெள்ளாமை வெட்டி முடிந்து வெறும் அடிக்கட்டை நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் கிழக்கே பார்த்தோம். தண்ணீரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் மீன்காரர் ஒருவர் சைக்கிளில் ஆறுதலாக வந்தார்.

"கடலா?" என்றார். "அது கிடந்த இடத்திலதான் கிடக்கு. நான் இப்பதானே அங்கிருந்து வாறன். நல்ல கீரி மீன் இரிக்கி, ஆருக்கும் வேணுமா?"

பெற்றோர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், அழுது முடிந்ததும் யாரை ஏசலாம் என்று தேடினார்கள். அதிபர் மீராமுகைதீன் சேர் வரம்பில் ஏறி நின்றார்.

"ஆர் முதல்ல கத்தின?"

தர்சினி முன்னால் வந்தாள். செருப்பில்லை. கால் இரண்டும் சேறு.

"நான்தான் சேர். பக்கத்தில வெளி ஓடு, வெளி ஓடு எண்டு கேட்டது. கடல்தான் எண்டு நினைச்சிட்டன்."

"பக்கத்தில ஆர் சொன்ன?"

தர்சினி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தபடி நின்ற ஹாஜறாவைப் பார்த்தாள். ஹாஜறாவின் மற்றக் கையில், கரும்பலகையில் எழுதிய சோக்கட்டி இன்னும் இருந்தது. கணக்கு டீச்சருக்கு அதைக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? என் வகுப்பில் அன்று என்ன நடக்கிறது என்பதும், எனக்கு அது எவ்வளவு பெரிது என்பதும் அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல சேர். எனக்குத்தான் பிழையாக் கேட்டிரிக்கும்."

"காரைதீவு டீச்சராம்," என்று பின்னால் ஒரு குரல். "அவக்கென்ன, புள்ளைகள ரோட்டுக்கு விட்டுட்டா," என்று இன்னொன்று. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பேச்சு எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று எங்கள் இரண்டு ஊருக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் நான் பேசவில்லை. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பக்கத்தில் ஆதம்பாவா சேர் நின்றார், அவர் கையில் என் கோவை. வாயைத் திறந்தால் ஏழு வருஷமும் போகும், திறக்காவிட்டால் பழி அவளோடு போகும். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரங்கள் குறைவு. அவற்றில் அதைப்போலக் கேவலமான நேரம் வேறில்லை. இன்றைக்கும் அந்த ஐந்து எண்ணிக்கையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"கத்தினது நான்!"

வட்டையில் மேய்ந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"நான்தான் கத்தின. இலத்திரனைச் சொன்ன. பொற்றாசியத்துக்குக் கடைசி இலத்திரன் வெளி ஓட்டுல. அந்த ஓடு! இந்த ஓடு இல்ல! இந்தப் புள்ள ஏன் எண்டு கேட்டுது, எனக்குப் பதில் தெரியல்ல, கத்திட்டன். தர்சினி டீச்சர்ல ஒரு பிழையும் இல்ல. கேட்டதும் புள்ளைகளைக் காப்பாத்தத்தான் பாத்திரிக்கா."

பிறகு பத்தாம் தரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ஒன்பதாம் தரத்துக்குப் போனது, அங்கிருந்து தாய்மாருக்குப் போனது. கடைசியில், பிள்ளைகளை ரோட்டுக்கு விட்டதாகச் சொன்ன அந்தப் பெண்ணே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ஊமை என்னத்துக்கு, நான் ஒருத்தி போதும்.

மீராமுகைதீன் சேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறிவித்தார். "இண்டையில இருந்து இந்தப் பாடசாலையில ஓடு எண்ட சொல்லை ஒருத்தரும் சொல்லக்கூடாது. கூரை ஓட்டையும் சேர்த்துத்தான் சொல்றன்."

தர்சினி என் பக்கத்தில் வந்து நின்றாள். சுனாமியில் அவளுடைய அம்மாவும் தம்பியும் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அவளாக ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

"லைலா டீச்சர்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அண்டைக்கு எங்கட வீட்டுப் பக்கம் இப்பிடிக் கத்த ஒரு ஆள் இருந்திருந்தா..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். ஆதம்பாவா சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓடின நேரத்தக் கழிச்சா, பாடத்துக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இரிக்கி," என்றார். "அந்தப் புள்ளக்கு நீங்க பதில் சொல்லல்ல."

ஹாஜறா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அந்த நேரத்தில் கேள்வியை விழுங்கியிருக்கும்.

"ஏன் டீச்சர், அந்த ஆள் வெளிய நிக்கிற?" என்றாள் அவள்.

மழுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விதி, ஒழுங்கு, பரீட்சைக்கு இது போதும் என்று சொல்ல எத்தனையோ இருக்கிறது. ஆனால் முந்நூறு பிள்ளைகளை ஓடவைத்த பிறகு மழுப்பவும் ஒரு முகம் வேண்டும்.

"எனக்குத் தெரியாது புள்ள," என்றேன். "உண்மையாத் தெரியாது. தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டுப் படிப்பம். இங்க ஆருக்காவது தெரியுமா?"

தர்சினி வகுப்புப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"உயர்தரத்தில படிச்ச ஞாபகம்," என்றாள். "மூணாவது ஓட்டில மிச்சம் பத்து இடம் இரிக்கிறது உண்மைதான். ஆனா அந்த இடத்துக்குப் போறதுக்குக் கூடச் சக்தி வேணும். நாலாவது ஓட்டின்ட முதல் இடத்துக்கு அதைவிடக் குறையத்தான் வேணும். அதால பத்தொன்பதாவது ஆள் அங்க போய் நிக்கிற." ஹாஜறாவின் முகம் தெளியவில்லை என்று கண்டதும் தர்சினி கொஞ்சம் யோசித்தாள். "நான் காலையில வாற பஸ் தெரியுந்தானே? பின்னுக்கு சீற் சும்மா கிடக்கும். ஆனா சனத்தை இடிச்சு இடிச்சுப் பின்னுக்குப் போற கரைச்சலை விட எனக்கு வாசலடியில நிக்கிறது லேசு. அப்பிடித்தான்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஏழு வருஷம் மனப்பாடமாகச் சொன்னது எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கியது.

"அப்ப முதல்ல இறங்கிறதும் ஆரு?" என்று கேட்டேன்.

"வாசல்ல நிக்கிற ஆள்!" என்றார்கள் பத்தாம் தரத்தார்.

"அதான் புள்ளைகள்! பொற்றாசியம் அந்த ஒரு இலத்திரனை லேசாக் குடுத்திரும். சோடியமும் அப்பிடித்தான். ரெண்டுக்கும் வாசல்ல ஒரு ஆள்தான் நிக்கிற, அதால ரெண்டும் ஒரே குணம். இப்ப சொல்லுங்க, குளோரீனுக்கு வெளி... வெளிய எத்தனை பேர்?"

ஓடு என்ற சொல் வாய் வரை வந்து திரும்பிப் போனது. சனம் மறுபடி சிரித்தது.

"ஏழு!"

"எட்டாக எத்தனை வேணும்?"

"ஒண்டு!"

"அப்ப அந்த ஒண்ட ஆரிட்ட எடுக்கும்?"

பதிலை ஏழாம் தரமும் சேர்ந்து கத்தியது. ஹாஜறா வாய்க்கால் மதகுச் சுவரில் 2, 8, 8, 1 என்று எழுதி, கடைசி ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் படிப்பித்த பாடங்களிலேயே நல்ல பாடம் அதுதான். பாதியைப் படிப்பித்தது நான் இல்லை.

ஆதம்பாவா சேர் வரம்பில் உட்கார்ந்து முழங்காலில் கோவையை வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டினார். பார்க்கப்பட்டவர் வாசித்துக் கையொப்பம் வைக்கவேண்டும், அதுதான் ஒழுங்கு.

வாசித்தேன். பாடம் நடந்த இடம் என்ற கட்டத்தில் வகுப்பறை என்று எழுதி வெட்டி, வட்டை என்று எழுதியிருந்தார். குரல் தெளிவு: போதியளவு. அந்தப் போதியளவுக்குக் கீழே ஒரு கோடு. அடுத்த கட்டம், மாணவர் வினாக்களுக்கு விடையளித்தல். அதில் இப்படி இருந்தது:

"மாணவி ஒருவரின் வினாவுக்கு ஆசிரியை, தமக்கு விடை தெரியாது என்றார்."

முடிந்தது என்று நினைத்தேன். நளீரிடம் என்ன சொல்வது, நாளைக்கு எந்த முகத்தோடு பாடசாலைக்கு வருவது என்றுகூட யோசித்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பச் சொல்லிச் சேர்தான் விரலைக் காட்டினார்.

"பதினாறு வருடங்களாகப் பாடங்களைப் பார்த்துவருகிறேன். இந்த வினாவை நான் படிப்பித்த காலத்தில் என்னிடமும் கேட்டார்கள். எனக்கும் விடை தெரியாது. தெரிந்தது போல் இருந்துவிட்டேன். தகுதி."

நிமிர்ந்து பார்த்தேன். சேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையொப்பத்த வைங்க டீச்சர்," என்றார். "வெயில் ஏறுது."

நியமனக் கடிதம் வைகாசியில் வந்தது. வானொலியில் யுத்தம் முடிந்தது என்று சொன்ன அதே கிழமை. ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக இருந்தார்கள். காரைதீவில் இருந்து தர்சினி இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். கடிதத்தை முதலில் அவளிடம்தான் காட்டினேன். இரண்டு பேரும் தட்டிக்குப் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்து வாசித்தோம். என் பெயருக்கு முன்னால் "ஆசிரியை" என்று மட்டும்தான் இருந்தது. தொண்டர் என்ற சொல் வேறு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அவள் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தேடினாள். எங்கேயும் இல்லை.